ஐந்தோவனுக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதலில் தேட வேண்டியது முகவரி

நெதர்லாந்தின் தென்பகுதியிலுள்ள ஐந்தோவன் நகரில் வேலை உறுதியாகிவிட்டது என்று எனக்கு எழுதுகிற இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, பேசப்பட்ட சம்பளத்தில் மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்பதைத்தான். கேள்வி நியாயமானதே. ஆனால் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய வேறொரு கேள்வி உண்டு: எந்த முகவரியில் உங்களைப் பதிவு செய்துகொள்ளப் போகிறீர்கள்? இந்த நாட்டில் அரசு அடையாள எண், வங்கிக் கணக்கு, மருத்துவர், பிள்ளையின் பள்ளி எல்லாமே ஒரு வீட்டு முகவரியிலிருந்துதான் தொடங்குகின்றன. அது அமையாதவரை மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அமைந்துவிட்டாலோ, யாரையும் போய்ப் பார்க்காமல், யாரிடமும் சொல்லிவைக்காமல், பாக்கி வேலைகள் பெரும்பாலும் தபாலிலும் கைபேசியிலுமாக முடிந்துவிடும்.

ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களையும் ஒடுங்கிய பழைய வீடுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஐந்தோவன் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இது தொழிற்சாலையால் வளர்ந்த ஊர். 1891இல் பிலிப்ஸ் குடும்பத்தினர் இங்கே மின்விளக்குத் தொழிற்சாலை தொடங்கினார்கள். 1920இல் வூன்செல், ஸ்ட்ரைப், ஸ்ட்ராட்டும், ஹெஸ்டல், டோங்கல்ர என்ற ஐந்து சுற்றுக் கிராமங்கள் ஊரோடு இணைக்கப்பட்டன. இன்றைக்கும் வீட்டு விளம்பரங்களில் நீங்கள் பார்க்கப்போகும் பகுதிப் பெயர்கள் அவைதாம். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் ஊரின் நடுப்பகுதி பெரிதும் அழிந்ததால் பழைய கட்டடங்கள் குறைவு. பிலிப்ஸ் தன் தலைமை அலுவலகத்தை 1997இல் ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றிக்கொண்டது. ஆனால் அது 1984இல் ஏஎஸ்எம் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கிய ஏஎஸ்எம்எல் பக்கத்து ஊரான வெல்தோவனில் நின்று வளர்ந்து, கணினிச் சில்லுகளை அச்சிடும் இயந்திரங்களுக்காக உலகமே வந்து நிற்கும் இடமாகிவிட்டது. சில்லு தயாரிக்கும் என்எக்ஸ்பியும், லாரி தயாரிக்கும் டாஃப் நிறுவனமும் இங்கேதான் இருக்கின்றன. நாட்டின் ஐந்தாவது பெரிய நகரம் என்றாலும் மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டரை லட்சம்தான். நம் கணக்கில் ஒரு நடுத்தர மாவட்டத் தலைநகரின் அளவு. அந்த அளவுள்ள ஊருக்குள் உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் பொறியாளர்கள் வந்து இறங்குகிறார்கள். வேலை பெருகிய வேகத்தில் வீடுகள் பெருகவில்லை. 2024 மார்ச்சில் டச்சு அரசு ‘பெத்தோவன் திட்டம்’ என்ற பெயரில் இப்பகுதியின் வீடு, போக்குவரத்து, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 250 கோடி யூரோ அளவில் ஒதுக்கியதற்கு இந்த நெரிசலே முக்கியக் காரணம். அந்தப் பணம் சுவராக எழும்பி நிற்கச் சில ஆண்டுகள் ஆகும். நீங்கள் வருவது அதற்கு முன்பாக.

விசா வேலையைப் பொறுத்தவரை உங்களுக்குக் கவலை குறைவு. பெரும்பாலானோர் ‘கென்னிஸ்மிக்ரான்ட்’ எனப்படும் உயர்திறன் பணியாளர் பிரிவில் வருகிறார்கள். குடிவரவுத் துறையான ஐஎன்டியிடம் அங்கீகாரம் பெற்ற நிறுவனமே விண்ணப்பத்தைப் போடும்; சில வாரங்களில் முடிவு வந்துவிடும். இதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் ஒன்று உண்டு. 2025இல் அது 30 வயது நிறைந்தவர்களுக்கு மாதம் 5688 யூரோ, அதற்குக் குறைந்தவர்களுக்கு 4171 யூரோ, விடுமுறைப் படி சேர்க்காமல். ஆண்டுதோறும் இது மாறும்.

ஊரில் இருக்கும்போதே நீங்கள் கையில் எடுக்க வேண்டிய வேலை சான்றிதழ்கள். பிறப்புச் சான்றிதழ், மணமானவர்களுக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகிய அனைத்துக்கும் அவற்றை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் ‘அப்போஸ்டில்’ என்ற இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை வேண்டும். நம்மில் பலருடைய பழைய பிறப்புச் சான்றிதழில் ‘ஆண் குழந்தை’ அல்லது ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும்; பெயர் சேர்த்திருக்க மாட்டார்கள். அதை நகராட்சியிலோ பேரூராட்சியிலோ சேர்த்து வாங்கி, அதன் பிறகு முத்திரைக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், வேலைக்கான கடிதம் கைக்கு வந்த அன்றே இதைத் தொடங்கிவிடுங்கள். தமிழில் மட்டும் உள்ள சான்றிதழ் என்றால் மொழிபெயர்ப்பும் தேவைப்படும். ஆங்கிலத்தில் இருந்தால் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இங்கே நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. முதலெழுத்து வைத்துப் பெயர் எழுதும் நம் வழக்கம் டச்சு அலுவலரின் கணினித் திரைக்குள் அடங்காது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருந்தால், அதன்பின் வரும் அத்தனை அரசுக் கடிதங்களும் ‘திருவாளர்’ போட்டு உங்கள் அப்பாவின் பெயருக்கே வரும். மனைவிக்கு அவருடைய அப்பாவின் பெயர், பிள்ளைக்கு உங்கள் பெயர் என்று ஒரே வீட்டுக் கதவில் மூன்று குடும்பப்பெயர்கள் ஒட்டியிருக்கும். டச்சுப் பெண்களும் திருமணத்துக்குப் பிறகு பதிவேட்டில் தம் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பதால் இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் மூன்றிலும் எழுத்துக்கூட்டு வேறுவேறாக இருந்தால்தான் தொல்லை; ஒரு ‘எச்’ கூடக்குறைய இருந்தாலும் கேள்வி வரும்.

இனி வீடு. நிறுவனம் முதல் சில வாரங்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம் கொடுத்தால், அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்துகொள்ளலாமா என்பதை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுக்கு இடம் தராத அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நிரந்தர வீட்டுக்கு ஃபுண்டா, பராரியஸ் போன்ற தளங்களில் தேடலாம். நல்ல வீடு விளம்பரத்துக்கு வந்த சில மணி நேரத்துக்குள் விண்ணப்பங்கள் குவிந்துவிடும் என்பதால், சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், கடவுச்சீட்டு நகல், உங்களைப் பற்றிய நாலு வரி அறிமுகம் ஆகியவற்றை ஒரே கோப்பாக்கித் தயாராக வைத்திருப்பவர்களுக்கே அழைப்பு வருகிறது. வாடகையைப் போல் மூன்று மடங்கு மாதச் சம்பளம் இருக்க வேண்டும் என்பது பொதுவாக வீட்டுக்காரர்கள் வைக்கும் கணக்கு. இரண்டு படுக்கையறை வீட்டின் வாடகை 1500 யூரோவை எளிதாகத் தாண்டிவிடும். கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு இடிக்கும். அப்படிப்பட்டவர்கள் வூன்செல்லின் வடக்குப் பகுதியையோ, பெஸ்ட், ஹெல்மண்ட் போன்ற பக்கத்து ஊர்களையோ பார்ப்பது நல்லது. வெல்தோவன் பக்கம் வேலை செய்கிறவர்கள் விரும்பும் மேர்ஹோவன், பழைய விமானத் திடலின் மேல் எழுந்த புதுக் குடியிருப்பு. அலுவலகத்துக்கு அருகில், வீடுகள் புதியவை, இந்தியக் குடும்பங்களும் நிறைய. வாடகையும் அதற்கேற்றபடிதான்.

வாடகை விளம்பரத்தில் வீட்டின் நிலையை மூன்று விதமாகக் குறிப்பிடுவார்கள். அதில் டச்சில் வெறுமை என்று பொருள்படும் ‘கால்’ என்ற சொல்லைப் போட்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். வெறும் வீடு என்றால் கட்டிலும் நாற்காலியும் இருக்காது என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். நான் பார்க்கப் போன அப்படிப்பட்ட ஒரு வீட்டில் தரையே இல்லை. முன்பு குடியிருந்தவர் தாம் போட்ட மரப்பலகைத் தரையைப் பெயர்த்தெடுத்துப் போய்விட்டதால் சொரசொரப்பான சிமெண்டுத் தளம் மட்டும் கிடந்தது; கூரையில் விளக்கு இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன; திரைச்சீலைக் கம்பியைக் கழற்றிய ஆணித் துளைகள் சன்னலுக்கு மேலே வரிசையாகத் தெரிந்தன. கூட்டிப்போன முகவர், இதில் ஏதோ அதிசயம் இருப்பதாக நினைக்கவே இல்லை. சதுர மீட்டர் கணக்கில் தரை போடவும், சாயம் பூசவும், விளக்கு மாட்டவும் ஆகும் செலவைச் சேர்த்தால் மலிவான வாடகை மலிவானதாக இருக்காது. தரையும் திரைச்சீலையும் உள்ள ‘கெஸ்டோஃபேர்ட்’ வகைதான் புதிதாக வரும் குடும்பத்துக்கு ஏற்றது.

சட்டம் குடியிருப்பவர் பக்கம் ஓரளவு நன்றாகவே நிற்கிறது. 2023 ஜூலை முதல் முன்பணமாக இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் முகவர் உங்களிடம் தரகுக் கட்டணம் வாங்கக் கூடாது. 2024 ஜூலையில் வந்த சட்டத்தின்படி, வீட்டின் பரப்பு, மின்சிக்கன நிலை, வசதிகள் ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு, 186 புள்ளி வரையுள்ள வீடுகளுக்கு வாடகை உச்சவரம்பு உண்டு. கூடுதலாக வாங்கினால் வாடகை ஆணையத்துக்குப் போகலாம். இந்தச் சட்டத்துக்குப் பிறகு வாடகைக்கு விட்டிருந்த வீடுகளைப் பலர் விற்றுவிட்டதால் தேடுவது இன்னும் கடினமாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வீட்டை நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நேரில் பார்க்காமல் ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள் என்று எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அவர் மோசடிக்காரர்தான்.

முகவரி அமைந்த பிறகு நடப்பதெல்லாம் ஒழுங்கான வரிசை. நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர்கள் வந்த 5 நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும் என்பது விதி. நேரம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதால், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே நாள் குறித்துவிடுங்கள். உயர்திறன் பணியாளர்களுக்கென ஐந்தோவனில் தனி மையம் இருக்கிறது. நகராட்சிப் பதிவையும் ஐஎன்டியின் வசிப்பு அட்டை வேலையையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளலாம். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்திப்போனால் வேறொரு நாள் வரச் சொல்வார்கள். கெஞ்சிப் பயனில்லை, கோபித்தும் பயனில்லை. பதிவு முடிந்ததும் பிஎஸ்என் என்ற குடிமக்கள் எண் கிடைக்கும். சம்பளம், வரி, காப்பீடு எல்லாம் அந்த எண்ணில்தான் ஓடும். அதை வைத்து டிஜிடி என்ற அரசு உள்நுழைவுக் கணக்குக்கு விண்ணப்பித்தால், அதைச் செயல்படுத்தும் ரகசியக் குறியீடு உங்கள் வீட்டுத் தபால் துளைக்குள் காகிதமாக வந்து விழும். இவ்வளவு கணினிமயமான நாட்டில் கதவில் உங்கள் பெயர் எழுதாமல் இருப்பதும் தபாலைத் திறக்காமல் வைப்பதும் எவ்வளவு பெரிய பிழை என்பது அப்போது புரியும். வரித்துறையின் நீல உறை வந்தால் அன்றைக்கே பிரியுங்கள்.

மருத்துவக் காப்பீடு கட்டாயம். வந்த நான்கு மாதத்துக்குள் எடுக்க வேண்டும். ஆனால் நான்காவது மாதம் எடுத்தாலும் முதல் நாளிலிருந்து தவணை கட்ட வேண்டும் என்பதால் தள்ளிப்போட்டு எதுவும் மிச்சமாகாது. 2025இல் ஒருவருக்கு மாதத் தவணை சராசரியாக 150 யூரோவுக்கு மேல். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தவணை இல்லை. இதுபோக ஆண்டுக்கு முதல் 385 யூரோ வரை செலவை நீங்களே ஏற்க வேண்டும். குடும்ப மருத்துவரைப் பார்ப்பதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அந்தக் குடும்ப மருத்துவரைப் பற்றித்தான் நம்மவர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் புலம்புகிறோம். காய்ச்சல் என்றால் தெருமுனையில் இருக்கும் டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து பழகியவர்களுக்கு, ‘பாரசிட்டமால் சாப்பிட்டு மூன்று நாள் பாருங்கள்’ என்ற பதில் அலட்சியமாகத் தோன்றும். சிறப்பு மருத்துவரிடம் நேரடியாகப் போக முடியாது. குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் காப்பீடு பணம் தரும். என் கருத்தில் இந்த முறை மோசமானதல்ல. நோய்க்கொல்லி மருந்துகளை வேண்டுமளவுக்கு மட்டும் கொடுக்கிறார்கள்; உண்மையில் அவசரம் என்றால் எல்லாம் கட்டணக் கேள்வியின்றி விரைந்து நடக்கிறது. ஆனால் உங்கள் வலியை நீங்கள்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை நாளாக, எங்கே, எந்த அளவு, எதைச் செய்ய முடியவில்லை என்று அடுக்கிச் சொன்னால் மதிப்புக் கொடுத்துக் கேட்பார்கள். ‘கொஞ்சம் வலிக்குது டாக்டர்’ என்று நம் பாணியில் அடக்கி வாசித்தால், கொஞ்சம் வலிப்பதாகவே எழுதிக்கொள்வார்கள். பகுதிக்குப் பகுதி மருத்துவர்களின் பட்டியல் நிரம்பியிருக்கும் என்பதால், உடம்பு நன்றாக இருக்கும்போதே பதிந்துகொள்ளுங்கள். மாலையிலும் வார இறுதியிலும் அவசரத்துக்குத் தனி மருத்துவ மையம் உண்டு. தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

பணக் கணக்குக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களுக்கு, சம்பளத்தில் 30 சதவீதம் வரையில் வரியில்லாமல் தரும் சலுகை ஒன்று உண்டு. வேலைக்குச் சேரும் முன் 24 மாதங்களில் 16 மாதங்களுக்கு மேல் டச்சு எல்லையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு அப்பால் வசித்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ நேராக வருகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் ஜெர்மனியின் மேற்கு எல்லையில் படித்துவிட்டு வருகிறவர்கள் பலருக்கு இதனால் சலுகை கிடைப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த நான்கு மாதத்துக்குள் விண்ணப்பித்தால்தான் முதல் நாளிலிருந்து கணக்காகும். அதிகபட்சம் ஐந்தாண்டு, 2027 முதல் 27 சதவீதமாகக் குறைகிறது. இந்தச் சலுகை இருப்பவர்கள் இந்திய ஓட்டுநர் உரிமத்தைத் தேர்வு எழுதாமலே டச்சு உரிமமாக மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை; இல்லாதவர்கள் பதிவு செய்த 185 நாளுக்குப் பிறகு இங்கே எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் தேறித்தான் வண்டி ஓட்ட முடியும். உச்ச வரி விகிதம் 49.5 சதவீதம் என்பதால் சலுகை முடியும் ஆண்டில் கைக்கு வரும் தொகை சட்டென்று இறங்கும். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. இன்னொன்று, ஊரில் உள்ள வைப்புநிதி, பரஸ்பர நிதி, வாடகைக்கு விட்ட மனை இவையெல்லாம் டச்சு வரிப்படிவத்தின் சொத்துப் பகுதியில் காட்டப்பட வேண்டியவை. முன்பு 30 சதவீதச் சலுகை பெற்றவர்களுக்கு இதில் விலக்கு இருந்தது. இனி புதிதாக வருவோருக்கு அது இல்லை. குடிபெயர்ந்த முதல் ஆண்டுக்கு வழக்கமான படிவத்துக்குப் பதிலாக ‘எம்’ என்ற நீண்ட படிவம் நிரப்ப வேண்டும். அதற்கு மட்டும் ஒரு வரி ஆலோசகருக்குப் பணம் கொடுப்பது வீண்செலவல்ல.

அலுவலகத்தில் எதிர்பார்க்க வேண்டியது நேர்ப்பேச்சு. உங்கள் வடிவமைப்பைக் காட்டும்போது, உங்களைவிட வயதிலும் பதவியிலும் குறைந்த ஒருவர், எல்லார் முன்னாலும், ‘இது சரியாக வரும் என்று எனக்குத் தோன்றவில்லை’ என்று சொல்வார். சண்டை போட வரவில்லை. கூட்டம் முடிந்ததும் அவரே உங்களுக்குக் காப்பி எடுத்து வருவார். மேலாளர் கேட்டால் ‘முடித்துவிடலாம் சார்’ என்று ஒப்புக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்து முடிக்கிற பழக்கம் இங்கே பாராட்டைப் பெறாது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார்கள். நண்பகலில் உணவுக்கூடத்தில் பார்த்தால் பெரும்பாலோர் ரொட்டித் துண்டுக்கு நடுவே பாலாடைக்கட்டி வைத்து, ஒரு கோப்பைப் பாலோ மோரோ குடித்து, இருபது நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். நாம் சாம்பார் சாதத்தைச் சூடு செய்வதற்குள் எதிரே இருக்கை காலியாகிவிடும். மாலை ஐந்தரைக்கு மேல் வாகன நிறுத்தம் வெறிச்சோடிக் கிடக்கும். ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு, அதற்கு மேல் ஆண்டுச் சம்பளத்தில் 8 சதவீதம் விடுமுறைப் படியாகப் பெரும்பாலும் மே மாதம் வரும். உடம்பு சரியில்லை என்று அறிவித்தால் என்ன நோய் என்று மேலாளர் கேட்க உரிமையில்லை. நிறுவன மருத்துவர்தான் கேட்கலாம். முதல் ஒப்பந்தம் ஓராண்டுக்கு என்றால் பதற வேண்டாம், அது இங்கே வழக்கம். வேலை போனால், உங்கள் வசிப்பு அனுமதி அதற்குள் முடிந்துவிடாத பட்சத்தில், வேறு வேலை தேட மூன்று மாதம் தருகிறார்கள். அந்த மூன்று மாதத்துக்குத் தேவையான பணத்தைத் தனியே ஒதுக்கிவைப்பது என் கண்டிப்பான யோசனை.

சைக்கிள் இல்லாமல் இந்த ஊரில் வாழ முடியும், ஆனால் எதற்கு அப்படி வாழ வேண்டும் என்று தெரியவில்லை. பழைய சைக்கிள் ஒன்றும், சைக்கிள் விலைக்குப் பாதியாவது வரும் பூட்டுகள் இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியாவிட்டால் அபராதம். கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் 2019 ஜூலை முதல் குற்றம். குறியீடு இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும் என்ற விதியை முதல் நாளே மனத்தில் ஏற்றுங்கள். இங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுவதால் நம் கண் தப்பான திசையில்தான் முதலில் பார்க்கும். ஐந்தோவனுக்கும் வெல்தோவனுக்கும் இடையே, நெடுஞ்சாலைச் சந்திப்புக்கு மேலே, ஒற்றைத் தூணிலிருந்து இறங்கும் இரும்புக் கயிறுகளில் தொங்கும் வட்டமான சைக்கிள் பாலம் ஒன்று இருக்கிறது. 2012இல் திறக்கப்பட்ட ஹோவன்ரிங் அது. காலை எட்டு மணிக்கு அதன்மேல் மடிக்கணினிப் பையோடு போகும் கூட்டத்தில் நாலில் ஒரு பேச்சு இந்திய மொழியில் காதில் விழும். 2024 முதல் நிறுவனங்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே கிலோமீட்டருக்கு 23 சென்ட் வரை வரியில்லாமல் பயணப்படி தரலாம். சைக்கிளில் போனாலும் உண்டு. ரயிலுக்கும் பேருந்துக்கும் வங்கி அட்டையையே தட்டி ஏறலாம், ஆனால் இறங்கும்போது மறுபடி தட்ட மறந்தால் காசு போகும்.

சமையலறைக்கு என்ன கொண்டுவரலாம் என்பதில் வீட்டுப் பெரியவர்களோடு வாக்குவாதம் நடக்கும். மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட் என்பதால் மிக்சியைத் தாராளமாகக் கொண்டுவரலாம்; பிளக் மட்டும் மாற்ற வேண்டும். அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷன். அலுமினியக் கடாயும் பழைய குக்கரும் அதில் சூடேறாது. பால், இறைச்சிப் பொருள்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப் பையில் வரக் கூடாது என்பதால் அம்மா உருக்கிய நெய்யும், பாலில் செய்த இனிப்பும் சட்டப்படி முடியாது. கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். தேங்காய்க்கு அந்தச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அதைத் தூக்கி வர அவசியமும் இல்லை. இந்தியக் கடைகளைத் தவிர, ‘டோக்கோ’ எனப்படும் ஆசியக் கடைகளில் முருங்கைக்காய், வெண்டை, பாகல், காராமணி, மரவள்ளி எல்லாம் கிடைக்கும். இந்தக் கடைகளுக்கு வாடிக்கையாளர்களாக இந்தோனேசியர்களோடு சூரினாம் இந்தியர்களும் இருக்கிறார்கள். 1873 முதல் வட இந்தியாவிலிருந்து சூரினாமின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அந்நாடு 1975இல் விடுதலை பெற்ற சமயத்தில் பெருந்தொகையாக இங்கே வந்தார்கள். அவர்களுடைய ரொட்டிக் கடை ஒன்று உங்கள் தெருப் பக்கம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் கவலை விட்டது. தாளிக்கும்போது மட்டும் சன்னலைத் திறந்துவையுங்கள். 2022 ஜூலை முதல் ஒவ்வொரு மாடியிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழுந்த மறுகணம் அது அலறும். குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க, ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுதும் வைத்துவிடலாம்.

கூட வரும் துணைவரைப் பற்றி நிறுவனங்களின் வரவேற்புக் கையேடுகள் அதிகம் சொல்வதில்லை. சட்டப்படி அவர் எந்த வேலைக்கும் போகலாம். தனி அனுமதி தேவையில்லை. நடைமுறையில் பொறியியல், மென்பொருள் துறையினருக்கு ஆங்கிலமே போதும், ஆனால் ஆசிரியர், வழக்கறிஞர், வங்கி ஊழியர், செவிலியர் என்று வந்தவர்களுக்கு டச்சு மொழி இல்லாமல் கதவு திறப்பது அரிது. அவர் படித்த படிப்பும் பார்த்த வேலையும் அலமாரியில் கிடக்க, பகல் முழுதும் மழையைப் பார்த்துக்கொண்டு தனியே இருப்பதுதான் இங்கு வந்த பல குடும்பங்களில் நான் கண்ட பெரிய துயரம். சம்பளப் பேச்சின்போதே துணைவருக்கு மொழி வகுப்புக் கட்டணம் தருவீர்களா என்று கேளுங்கள், பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்கின்றன. பிள்ளைகள் நான்கு வயதில் பள்ளிக்குப் போகலாம், ஐந்து வயதில் போயே ஆக வேண்டும். அரசு நிதியில் இயங்கும் டச்சுப் பள்ளிக்கு ஏறக்குறையச் செலவில்லை. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முதலில் மொழி கற்பிக்கும் வகுப்பும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டில் திரும்பிவிடுவோம் என்பவர்கள் கட்டணம் அதிகமுள்ள பன்னாட்டுப் பள்ளியைப் பார்க்கலாம். நீண்ட நாள் இருக்க நினைக்கிறவர்கள் டச்சுப் பள்ளியில் சேர்த்துவிட்டால், ஆறு மாதத்தில் பிள்ளையே உங்களுக்குக் கடைகளில் மொழிபெயர்ப்பாளராகிவிடும். குழந்தைக் காப்பகக் கட்டணம் மலைக்கவைக்கும். பெற்றோர் இருவரும் வேலை செய்தால் அரசிடமிருந்து உதவித்தொகை வரும், ஒருவர் மட்டும் என்றால் வராது.

டிசம்பரில் காலை எட்டரை தாண்டித்தான் விடியும், நாலரைக்கு இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குடையைக் காற்று மடக்கிவிடும் என்பதால் நல்ல மழைச்சட்டையும் கால்சட்டை மேலுறையும் இங்கே வந்து வாங்குங்கள். கோயில் என்றால், வடமேற்குக் கோடியில் டென் ஹெல்டர் நகரில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஐந்தோவனிலிருந்து ஒரு நாள் பயணமாகத்தான் போய்வர முடியும். ஆனால் தமிழில் அர்ச்சனைச் சீட்டு வாங்க வேண்டும் என்று தோன்றுகிற நாள் எல்லாருக்கும் வரும்.

ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்தால் நிரந்தர வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் குடிமை ஒருங்கிணைப்புத் தேர்வில், மொழித் தாள்கள் உட்பட, தேற வேண்டும். உயர்திறன் பணியாளர்களை அந்தத் தேர்வுக்கு யாரும் கட்டாயப்படுத்துவதில்லை என்பதால் நாலரை ஆண்டு வரை புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, 30 சதவீதச் சலுகையும் முடிகிற அதே நேரத்தில் அவசரமாக மாலை வகுப்பு தேடுகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அலுவலகத்தில் எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள்தான், ஆனால் மதிய உணவு மேசையில் நீங்கள் வந்து உட்காரும் வரை அவர்கள் பேசிக்கொண்டிருப்பது டச்சில். நூலகத்தில் கட்டணமில்லாமல் நடக்கும் மொழி உரையாடல் குழுவில் முதல் குளிர்காலத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். வாரம் ஒரு மாலைதான், வீட்டிலும் அந்த நேரத்தில் இருட்டு.